குரு நோய் ஊருக்குள் பரவிய வழியும், சி.ஜே.டி. வீட்டுக்குள் பரவாத காரணமும்

கேள்வி இது: வீட்டில் பெரியவர் ஒருவருக்கு சி.ஜே.டி. (குரோய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய், மூளையை வேகமாகச் சிதைக்கும் அரிய நோய்) என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். பாப்புவா நியூகினியில் ஊர் ஊராகப் பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற 'குரு' நோயும் இதே வகைதான் என்று படித்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். பேரப்பிள்ளைகளை அவர் பக்கத்தில் விடலாமா? தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைத் தாராளமாக விடுங்கள். தட்டைப் பிரிக்க வேண்டாம். அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், முத்தம் கொடுக்கலாம், ஒரே அறையில் படுத்துக்கொள்ளலாம். இருமல், தும்மல், எச்சில், வியர்வை, தொடுதல் எதன் வழியாகவும் இது வீட்டில் இருப்பவருக்கு வந்ததாகச் சான்று இல்லை. குரு பரவியதும் உண்மை, இது பரவாது என்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கின்றன என்பது புரிந்தால்தான் பயம் போகும். அதனால் குருவிலிருந்தே தொடங்குகிறேன்.

குரு என்ற சொல்லுக்கு அந்த மக்களின் மொழியில் நடுங்குவது என்று பொருள். நம் ஊர் 'குரு'வுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாப்புவா நியூகினியின் கிழக்கு மலைநாட்டில் ஒக்காப்பா வட்டாரத்தில் வாழும் ஃபோரே மக்களிடையேதான் நோய் உச்சத்தில் இருந்தது. அவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்த கிமி, கெயகனா, கமானோ போன்ற அண்டை மக்களிடமும் இருந்தது. கால் தடுமாறுவதில் தொடங்கும். சில மாதங்களில் கோல் இல்லாமல் நடக்க முடியாது, அப்புறம் உட்காரவும் முடியாது. பேச்சு குழறும், காரணமில்லாமல் சிரிப்பு வரும், கடைசியில் விழுங்க முடியாமல் போகும். பெரும்பாலும் ஓராண்டுக்குள் மரணம். சிறுமூளை கெடுவதால் வரும் வரிசை இது. காய்ச்சல் இல்லை, முதுகுத்தண்டு நீரில் தொற்றுக்கான அடையாளமும் இல்லை. 1957இல் வின்சென்ட் ஸிகாஸ், கார்ல்டன் கஜ்டுசெக் என்ற இரு மருத்துவர்கள் இதை மருத்துவ உலகுக்குத் தெரிவித்தபோது ஆண்டுக்கு இருநூறு பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். அதிலிருந்து இன்றுவரை பதிவான சாவுகள் 2,700க்கும் மேல்.

எல்லோரையும் குழப்பியது, செத்தவர்கள் யார் என்பதுதான். பெரும்பாலும் வளர்ந்த பெண்கள். அடுத்தபடியாக ஆண், பெண் என இருபால் குழந்தைகளும் விடலைகளும். வளர்ந்த ஆண்கள் மிகச் சொற்பம். தெற்கு ஃபோரே ஊர்கள் சிலவற்றில் ஒரு பெண்ணுக்கு இரண்டு, மூன்று ஆண்கள் என்ற கணக்குக்கு வந்துவிட்டது. தாய் இறப்பாள், பின்னால் மகள் இறப்பாள், மகனும் சில சமயம் இறப்பான், கணவன் பிழைத்திருப்பான்.

குடும்பம் குடும்பமாக வந்ததால் பரம்பரை நோய் என்று நினைத்தார்கள். பெண்ணிடம் ஒரு விதமாகவும் ஆணிடம் இன்னொரு விதமாகவும் வேலை செய்யும் ஒரு மரபணு என்று கணக்குப் போட்டு எழுதியும் விட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கு நிற்காது. பிள்ளை பெறும் வயதிலேயே கொல்லும் மரபணு ஒரு கூட்டத்தில் இவ்வளவு பரவலாக நிலைத்திருக்க முடியாது. சில தலைமுறைகளில் அற்றுப்போயிருக்கும்.

முடிச்சு அவிழ்ந்தது ரத்தப் பரிசோதனையில் அல்ல, உறவுமுறை விசாரணையில். ராபர்ட் கிளாஸ், ஷெர்லி லின்டன்பாம் என்ற மானுடவியலாளர்கள் 1960களின் தொடக்கத்தில் ஃபோரே ஊர்களில் தங்கி, இறந்த ஒவ்வொருவரும் யாருக்கு என்ன உறவு என்று கேட்டுப் பதிந்தார்கள். இறந்தவர்களில் பலர் ரத்த உறவே இல்லை. கட்டிக்கொண்டு வந்த மருமகளும் இறந்திருந்தாள். மரபணு என்றால் மருமகளுக்கு எப்படி வரும்? வயதானவர்களும் தெளிவாகச் சொன்னார்கள்: இது தாத்தா காலத்து நோய் இல்லை, வடக்கே இருந்து வந்தது, எங்கள் ஊரில் முதலில் வந்தது இன்னாருக்கு என்று. அந்த நினைவுகளைக் கோத்துப் பார்த்தால், நோய் ஃபோரே ஊர்களுக்குள் நுழைந்தது 1920கள் வாக்கில். இறந்தவர் உடலை உண்ணும் வழக்கம் அவர்களிடம் வந்து அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை.

இந்த வழக்கத்தை 'நரமாமிசம்' என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். எதிரியைக் கொன்று தின்றதல்ல இது. செத்த தாயை, அக்காளை மண்ணில் புழு தின்ன விடுவதைவிட நேசித்தவர்களே தங்களுக்குள் எடுத்துக்கொள்வது மேல் என்று நினைத்த இழவுச் சடங்கு. பரவிய வழியும் அந்தச் சடங்கின் நுணுக்கங்களில்தான் இருக்கிறது. உடலை அறுத்தவர்கள் பெண்கள். கருவி மூங்கில் கத்தி. மண்டையை உடைத்து மூளையை வெறும் கையால் எடுத்துப் பிசைந்து, கீரையோடு மூங்கில் குழாயில் அடைத்து வேக வைத்தார்கள். எந்தப் பாகம் யாருக்கு என்பதற்கு உறவுமுறைப்படி உரிமை இருந்தது. வளர்ந்த ஆண்கள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டார்கள். சாப்பிட்டாலும் தசைதான், மூளை பெண்களுக்கு. குழந்தைகளுக்குத் தாய் தன் பங்கிலிருந்து ஊட்டினாள். பையன்கள் ஆறு, ஏழு வயதில் தாயை விட்டு ஆண்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதோடு அவன் பங்கும் நின்றுவிடும். குழந்தைகளில் இருபாலும், பெரியவர்களில் பெரும்பாலும் பெண்கள் என்ற வினோத வரிசைக்கு இதைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை.

வேக வைத்த பிறகும் எப்படிப் பிழைத்தது? அந்த மலை உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ஆனால் நூறு டிகிரியிலும் பயன் இருந்திருக்காது. இது கிருமி அல்ல, வைரஸ் அல்ல. பிரையான் என்ற, உருக்கெட்ட ஒரு புரதம். நம் எல்லோருடைய மூளை நரம்பணுக்களிலும் இதே புரதம் நல்ல வடிவில் இருக்கிறது. தவறாக மடங்கிய ஒன்று பக்கத்தில் வந்தால் நல்லதையும் தன்னைப்போல் மடக்கிவிடும். அது அடுத்ததை மடக்கும். உறைமோர் பாலில் விழுவதைப்போல. சாதாரணக் கொதிநீர், சாராயம், ஃபார்மலின், வெயில் எதற்கும் அது அசைவதில்லை. நோய் ஒன்று மரபணுப் பொருள் இல்லாமலே பெருகும் என்பதை ஸ்டான்லி புருசினர் 1982இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1997இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

தொற்றும் என்பதற்கான நேரடிச் சான்று அதற்கு முன்பே வந்துவிட்டது. வில்லியம் ஹாட்லோ என்ற கால்நடை மருத்துவர் லண்டனில் குரு பற்றிய ஒரு கண்காட்சியைப் பார்த்து, இந்த மூளைச் சேதம் ஆடுகளுக்கு வரும் ஸ்க்ரேபியைப்போலவே இருக்கிறது, குரங்குக்குச் செலுத்திப் பல ஆண்டு காத்திருந்து பாருங்கள் என்று 1959இல் எழுதினார். 1963இல் சிம்பன்சிகளுக்குச் செலுத்தினார்கள். ஏறக்குறைய இருபது மாதம் கழித்து முதல் சிம்பன்சி தடுமாறத் தொடங்கியது. காத்திருக்கச் சொன்ன அந்த ஒரு யோசனை இல்லாவிட்டால், சில வாரங்களில் 'தொற்றவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள்.

ஆஸ்திரேலிய நிர்வாகம் 1950களில் அந்தச் சடங்கைத் தடை செய்தது. 1960 வாக்கில் அது முற்றிலும் நின்றது. அதன் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு மிகப் பொருத்தமான பகுதி. முதலில் சின்னக் குழந்தைகளிடம் குரு மறைந்தது. பிறகு பத்து வயதுக்காரர்களிடம். பிறகு விடலைகளிடம். ஒவ்வோர் ஆண்டும் நோயாளிகளில் இளையவரின் வயது ஏறிக்கொண்டே போனது. சடங்கு நின்ற பிறகு பிறந்த ஒருவருக்குக்கூட குரு வரவில்லை. அந்தக் குழந்தைகளில் பலர் குரு வந்த தாயின் வயிற்றில் வளர்ந்தவர்கள், அவள் பால் குடித்தவர்கள், நடுங்கும் அவள் மடியில் படுத்தவர்கள், அவளோடு ஒரே குடிசையில் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள். வீட்டுப் புழக்கத்தில் இது பரவுமா என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய சோதனையை யாராலும் நடத்த முடியாது. விடை: பரவவில்லை.

அதே மக்கள் சொல்லித்தந்த இன்னொரு பாடம் காத்திருப்புக் காலம். உடலுக்குள் நுழைந்து நோயாக வெளிப்பட மிகக் குறைந்தது ஐந்தாண்டு வாக்கில், சராசரியாகப் பத்து, பன்னிரண்டு ஆண்டு ஆனது. ஆனால் 1996க்கும் 2004க்கும் இடையில் கண்டறிந்த 11 நோயாளிகளுக்குக் குறைந்தது 34 ஆண்டு ஆகியிருந்தது; சிலருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கலாம். பிரையான் புரதச் சங்கிலியின் 129ஆம் இடத்தில் பெற்றோர் இருவரிடமிருந்தும் வெவ்வேறு அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) வந்தவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. பல சடங்குகளில் சாப்பிட்டும் தப்பிய மூதாட்டிகளில் இந்தக் கலப்பு அமைப்பு அதிகம். நோய் கடுமையாக இருந்த பகுதியில் 127ஆம் இடத்தில் ஒரு மாற்றம் உள்ளவர்களும் இருந்தார்கள். நோயாளிகளிடம் அந்த மாற்றம் தென்படவில்லை.

இனி உங்கள் வீட்டு விஷயம். குருவில், பரம்பரை என்று நினைத்தது தொற்றாக முடிந்தது. இதற்கு நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. லிபியாவிலிருந்து இஸ்ரேலுக்குக் குடியேறிய யூதர்களிடையே சி.ஜே.டி. மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று 1970களில் கண்டார்கள். அவர்கள் ஆட்டு மூளையையும் கண்ணையும் அரைவேக்காட்டில் சாப்பிடுவதால்தான் என்று பலரும் நம்பினார்கள். குரு கதை தெரிந்தவர்களுக்கு அது ரொம்பப் பொருத்தமாகவும் தோன்றியிருக்கும். ஆனால் 1990 வாக்கில் அந்தக் குடும்பங்களில் பிரையான் புரதத்தின் 200ஆம் இடத்தில் ஒரு மரபணு மாற்றம் கிடைத்தது. ஸ்லோவாக்கியாவில் சில ஊர்களில் கொத்தாக வந்ததற்கும் அதே மாற்றம்தான் காரணம். சட்டியில் இருப்பதாக நினைத்தது ரத்தத்தில் இருந்தது.

ஒரு குடும்பம் மரபணுவையும் பகிர்கிறது, சமையலையும் பகிர்கிறது, நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் பணியையும் பகிர்கிறது. ஒரே வீட்டில் இருவருக்கு வந்தால் இந்த மூன்றில் எது என்று பார்க்காமல் 'ஒட்டிக்கொண்டது' என்று சொல்லக் கூடாது. சி.ஜே.டி. ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும். அவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் தானாக வருவது. எங்கிருந்தும் தொற்றியது அல்ல, பிள்ளைகளுக்கும் போகாது. பத்து முதல் பதினைந்து சதவீதம் மரபணுவால் வருவது. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வெளியிலிருந்து நுழைந்தது ஒரு சதவீதத்துக்கும் கீழ். குரு தொடங்கியதே, தானாக சி.ஜே.டி. வந்து இறந்த யாரோ ஒருவரின் உடலிலிருந்துதான் என்பது இன்றைய பலமான ஊகம்.

ஆகவே நரம்பியல் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'தொற்றுமா' அல்ல, 'பி.ஆர்.என்.பி. மரபணுவை, அதாவது பிரையான் புரதத்துக்கான மரபணுவைப் பார்த்தீர்களா' என்பது. பெரியவரின் உடன்பிறந்தவர், தாய், தந்தை யாராவது ஐம்பது அறுபது வயதில் சீக்கிரமாக வந்த மறதி, தள்ளாட்டம், தூக்கமே இல்லாமல் போவது போன்ற காரணங்களால் சில மாதங்களில் இறந்திருக்கிறார்களா என்று ஊரில் மூத்தவர்களிடம் விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள். அப்போது 'பைத்தியம்', 'காற்று அடித்தது', 'வாதம்' என்று பெயர் வைத்திருப்பார்கள். பெயரைப் பார்க்காதீர்கள், எத்தனை மாதத்தில் முடிந்தது என்பதைக் கேளுங்கள். நோயாளியின் பரிசோதனையில் மாற்றம் இருந்தால், நலமாக இருக்கும் பிள்ளைகள் தங்களுக்குப் பார்த்துக்கொள்வதா வேண்டாமா என்பது முழுக்க அவரவர் முடிவு. மரபியல் ஆலோசனைக்குப் பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். தெரிந்துகொண்டால் மறக்க முடியாத, இதுவரை மருந்தில்லாத செய்தி அது.

அந்த ஒரு சதவீதம் எப்படி நுழைந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எச்சரிக்கை தேவைப்படும் இடம் அதுதான். சூரிச்சில் ஒரு நோயாளியின் மூளைக்குள் வைத்த வெள்ளி மின்முனைகளைச் சாராயத்தாலும் ஃபார்மால்டிஹைடு ஆவியாலும் சுத்தம் செய்து, வலிப்புக்காகச் சிகிச்சைக்கு வந்த இரண்டு இளைஞர்களுக்கு வைத்தார்கள், இருவருக்கும் சி.ஜே.டி. வந்ததாக 1977இல் வெளியானது. அதே மின்முனையைப் பிறகு ஒரு சிம்பன்சிக்கு வைத்தபோது அதற்கும் வந்தது. சடலங்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோன் ஊசி, சடலங்களிலிருந்து எடுத்த மூளை உறை ஒட்டு ஆகியவற்றால் பல நூறு பேர் இறந்தார்கள். பிரான்சில் 2010இல் ஆய்வகத்தில் பிரையான் உள்ள மாதிரியைக் கையாண்ட ஓர் இளம் பெண், இரண்டு கையுறைகளைத் தாண்டி விரலில் குத்திக்கொண்டார். ஏழரை ஆண்டு கழித்து நோய் தெரிந்தது, 2019இல் இறந்தார். எல்லாவற்றிலும் பொது அம்சம் ஒன்றுதான்: நோயுற்ற மூளைத் திசு அல்லது அதன் அருகிலுள்ள திசு, இன்னொருவர் உடலுக்குள் போக வேண்டும். வீட்டு வாசலில் அது நடப்பதில்லை.

பசு வழியாக வந்த வேறுவகை சி.ஜே.டி. மட்டும் கொஞ்சம் தனி. அது பிரிட்டனில் 1996இல் வெளிப்பட்டு 178 உயிர்களை எடுத்தது. லெஸ்டர்ஷயரில் குவெனிபரோ என்ற கிராமத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஐவருக்கு வந்தபோது, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டியதோ என்றுதான் யாருக்கும் தோன்றும். 2001இல் வந்த விசாரணை முடிவு வேறு: சில உள்ளூர் கறிக்கடைகளில் மாட்டுத் தலையைப் பிளந்து மூளை எடுத்தபோது அது மற்ற இறைச்சியிலும் பட்டிருக்க வாய்ப்பு இருந்தது.  கறி வெட்டிய அந்த முறைதான் பெரும்பாலும் அவர்களை இணைத்திருக்கக் கூடும். இந்த வகை ரத்தம் ஏற்றுவதன் வழியாகவும் சிலருக்குப் போயிருக்கிறது. நம் வீட்டில் ஆட்டு மூளை வறுவல் சாப்பிட்டதால் பெரியவருக்கு வந்ததோ என்று யாராவது மனசு நொந்துகொண்டிருந்தால் அதை விட்டுவிடச் சொல்லுங்கள். ஆட்டு ஸ்க்ரேபி ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுக்கும் மேலாக இருக்கிறது, அதனால் மனிதனுக்கு நோய் வந்ததாக நிறுவப்படவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். துணி, போர்வை, பாத்திரம் எல்லாம் வழக்கம்போல் கழுவினால் போதும். மலம், சிறுநீரைச் சுத்தம் செய்ய எந்த நோயாளிக்கும் போடும் சாதாரணக் கையுறை. ரத்தம் வந்தால் கையுறை போட்டுத் துடைத்து, வழக்கமான பிளீச் போட்டுக் கழுவுங்கள். உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஒட்டுத்துணி போட்டு மூடுங்கள். சவர பிளேடு, ஊசியைப் பகிராதீர்கள். உண்மையில் அவரை வீட்டில் மிரட்டுவது புரையேறி வரும் நிமோனியாவும் படுக்கைப்புண்ணும்தான். கஞ்சியைக் கெட்டியாக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியால் கொடுங்கள். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிடுங்கள். சத்தம் கேட்டாலோ திடீரென்று தொட்டாலோ உடம்பு தூக்கிவாரிப் போடும். அதனால் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிறகு தொடுங்கள். பயத்தில் அவரைத் தனி அறையில் அடைத்துவிட்டால் இந்த வேலைகள்தான் முதலில் தவறும்.

மருத்துவமனைப் பக்கம் எச்சரிக்கை கூடும். பல் மருத்துவர், கண் மருத்துவர், அறுவை மருத்துவர் யாரிடம் போனாலும் கருவியை எடுப்பதற்கு முன்பே நோயின் பெயரைச் சொல்லுங்கள். மரபணு வகை என்றால், நலமாக இருக்கும் ரத்த உறவினர்களும் சொல்ல வேண்டும். நோயாளியின் ரத்தம், கண், உறுப்பு எதையும் தானம் செய்யக் கூடாது. மூளை, முதுகுத்தண்டு, கண்ணின் பின்பகுதி ஆகியவற்றைத் தொட்ட கருவிகளை ஒருமுறை பயன்படுத்தி எரித்துவிடுவது நல்லது. முடியாதபோது உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்ன முறை: லிட்டருக்கு 40 கிராம் காஸ்டிக் சோடா கரைசலிலோ, 20,000 பிபிஎம் குளோரின் உள்ள பிளீச்சிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு 134 டிகிரி அழுத்த நீராவி. பல இடங்களில் பிசகுவது, ஊறப்போடுவதற்கு முன்பே கருவியைக் காயவிடுவதில். காய்ந்த புரதம் எஃகில் ஒட்டிக்கொண்டால் பிறகு எதுவும் முழுசாக எடுக்காது. சாராயமும் ஃபார்மலினும் அதைக் கெட்டிப்படுத்தவே செய்யும். இந்தக் காஸ்டிக் வேலையை வீட்டில் யாரும் செய்யக் கூடாது. தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும், வீட்டில் அதற்குத் தேவையும் இல்லை.

இறந்த பிறகு உடலைக் குளிப்பாட்டலாம், கட்டிப்பிடித்து அழலாம், வழக்கப்படி எரிக்கலாம் அல்லது புதைக்கலாம். பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் தலைத் தையலில் கசிவு இருக்கலாம். அப்போது குளிப்பாட்டுவதைத் தவிர்த்து, மருத்துவமனையில் கசியாத உறையில் வைத்துத் தரச் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து ஆட்கள் வர நாளாகும் என்றால், ரத்தத்தை வடித்து மருந்து ஏற்றிப் பதப்படுத்த வேண்டாம், குளிர்பெட்டியே போதும்.